வெல்லத்தின் காது

பானுமதிக்கு அரசாங்க வேலை கிடைத்தபோது வயது நாற்பத்தாறு. ஆசிரியர் பயிற்சி முடித்து எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் அவள் பெயரைப் பதிந்தது கல்யாணத்துக்கும் முன்னால். மூன்று வருடத்துக்கு ஒருமுறை கடலூர் போய்ப் புதுப்பித்துவிட்டு வருவாள். அவள் கணவர் கொளஞ்சிநாதன் அதைத் தடுத்ததும் இல்லை, நம்பியதும் இல்லை. 2008 தீபாவளி முடிந்த கையோடு உத்தரவு வந்தது. தேன்கனிக்கோட்டைக்கு மேலே, மலையில் ஒரு தொடக்கப்பள்ளி. விருத்தாசலத்திலிருந்து பஸ் மாறி மாறிப் போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆகும்.

கொளஞ்சிநாதன் பீங்கான் தொழிற்பேட்டையில் மின்கம்பத்துக்கு இன்சுலேட்டர் செய்கிற ஒரு கம்பெனியில் பால் மில் ஓட்டுகிறவர். களிமண்ணையும் வெள்ளைக்கல் பொடியையும் தண்ணீர் விட்டு அரைக்கிற பெரிய இரும்பு உருளை அது. உள்ளே கூழாங்கற்கள் உருண்டுகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே பாதி ஆயுள் நின்றதில் அவருக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. பேச்சும் குறைந்துபோனது. மில் ஓடும்போது யாரும் யாரோடும் பேச முடியாது, கையைக் காட்டித்தான் எல்லாம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. சோறு போதும் என்பதைக்கூடக் கையைக் குறுக்கே நீட்டித்தான் சொல்வார்.

பிள்ளைகள் இல்லை. விருத்தாசலத்தை ஒட்டிய பூதாமூரில் சின்னதாக ஒரு வீடு. அதில் அவர்கள் இரண்டு பேர், அப்புறம் வெல்லம் என்ற பெட்டை நாய்.

வெல்லம் பானுமதியின் நாய். திட்டக்குடியில் அவள் அக்கா வீட்டில் பிறந்த குட்டி. தாய் நாட்டு நாய், தகப்பன் யார் வீட்டுச் சீமை நாயோ தெரியாது. உடம்பெல்லாம் தாயைப் போல இருந்தாலும் காது இரண்டும் அகலமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. நிறத்தைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தவள் அவள்தான். சோறு போடுவது, குளிப்பாட்டுவது, உண்ணி எடுப்பது எல்லாமே அவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதன் காதைத் துடைப்பாள். கொளஞ்சிநாதன் அப்போது முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். கொல்லையிலிருந்து அவள் குரல் முணுமுணுவென்று வரும். என்ன பேசுகிறாள் என்பது அவர் காதுக்கு எட்டாது. எட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை.

அவள் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் நிறையச் சொன்னாள். கேஸ் தீர்ந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், பால்காரர் எந்தக் கிழமை வரமாட்டார், வெல்லத்துக்கு எது ஒத்துக்கொள்ளாது. அவர் சேலம் பஸ் எந்தப் பக்கம் வந்து நிற்கும் என்று பார்த்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தார். பஸ் வந்தது. பெட்டியை ஏற்றிக் கொடுத்தார். ஜன்னல் வழியாக அவள், "போயிட்டு வரேங்க" என்றாள். அதற்கும் தலையைத்தான் ஆட்டினார்.

அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் எவ்வளவு சத்தம் இருந்தது என்று அவருக்குத் தெரிந்தது. அது முழுக்க அவளுடைய சத்தம். பாத்திரம், வளையல், பக்கத்து வீட்டோடு பேச்சு, வெல்லத்தை அதட்டுவது. இப்போது ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. டிவியைப் போட்டுவிட்டுத்தான் விளக்கைப் போடுவார். வெல்லம் அவர் வருவதைப் பார்த்து எழுந்திருக்கும், பின்னால் வேறு யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் படுத்துவிடும். அவர் சோறு வைத்தால் தின்னும். அவர் அந்தப் பக்கம் போன பிறகுதான் தின்னும்.

பானுமதியிடமிருந்து சாயங்காலம் போன் வரும். அந்த மலை ஊரில் ரேஷன் கடை மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்குமாம். காற்று இரைச்சலில் பாதி வார்த்தை பறந்துவிடும். சாப்பிட்டீங்களா, வெல்லம் சாப்பிட்டுதா, மழை இருக்குதா என்று கேட்பாள். சாப்பிட்டேன், சாப்பிட்டுது, இருக்குது என்று இவர் சொல்வார். அத்துடன் பேச்சு தீர்ந்துவிடும்.

கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. வெல்லம் தெருச் சேற்றில் புரண்டுவிட்டு வந்த ஒரு நாள், கொளஞ்சிநாதன் அதைக் கொல்லையில் கட்டிப்போட்டு வாளித் தண்ணீரைத் தலைமேலே கவிழ்த்துக் குளிப்பாட்டினார். துவட்டவில்லை. தானே காய்ந்துகொள்ளும் என்று விட்டுவிட்டார். நாலைந்து நாளில் அது தலையை உதறத் தொடங்கியது. காது இரண்டும் கன்னத்தில் பட்பட்டென்று அடிக்கும். பின்னங்காலால் வலது காதைச் சொறிந்துகொண்டே இருக்கும். பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடி நடக்க ஆரம்பித்தது. பக்கத்தில் போனால் புளித்த மாவு கெட்டுப்போன மாதிரி ஒரு நாற்றம் வந்தது.

மடலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே சிவந்துபோய், காப்பித் தூள் சக்கை அப்பினாற்போலக் கறுப்பாக அழுக்கு. காதைச் சுத்தம் செய்ய அவருக்குத் தெரிந்தது ஒரே வழி. தன் காதில் மில் தூசி அடைத்துக்கொண்டால் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி விடுவார், பட்ஸை விட்டுக் குடைவார். அதையே செய்தார். சுவர் மூலையில் வெல்லத்தை ஒடுக்கி, முழங்காலால் அணைத்துக்கொண்டு, எண்ணெயை ஊற்றிப் பட்ஸை உள்ளே விட்டார். அழுக்கு வந்தது. இன்னும் வரும் என்று இன்னும் உள்ளே விட்டார்.

வெல்லம் கத்திய கத்தல் அவருடைய மந்தக் காதிலும் பாய்ந்தது. அது ஒரு நாயின் குரலாகவே இல்லை. அவர் கையைக் கடித்துவிட்டு, திறந்திருந்த கேட் வழியாக ஓடிப்போனது.

கையைச் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவினார். பல் அழுத்தமாக இறங்கியிருக்கவில்லை, ஆனாலும் தோல் கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார். யார் வீட்டு நாய் என்று நர்ஸ் கேட்டபோது எங்க வூட்டு நாய்தான் என்றார். வெளியே வந்ததும் தேடக் கிளம்பினார். தெருத் தெருவாகப் போனார். பாலக்கரைப் பக்கம், மணிமுத்தாற்றங்கரை, ஜங்ஷன் ரோடு. "வெல்லம், வெல்லம்" என்று கூப்பிட்டுக்கொண்டே போனதில், ஒரு வீட்டிலிருந்து ஓர் அம்மாள் வெளியே வந்து கிலோ என்ன விலை என்று கேட்டாள். நாயி தொலைஞ்சு போச்சும்மா என்றார். இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர், எத்தனையோ பேரைத் தெரியும். ஆனால் இந்த ஒரு விஷயத்தைப் போய்ச் சொல்ல, கூட வந்து தேடு என்று கேட்க, ஒரு வீடும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

சாயங்காலம் வழக்கம்போலப் போன் வந்தது. வெல்லம் என்ன பண்ணுது என்று பானுமதி கேட்டாள்.

"சாப்பிட்டுட்டுப் படுத்திருக்குது" என்றார்.

மறுநாள் வேலைக்குப் போனபோது ஆராயி அவரைத் தேடிக்கொண்டு மில் பக்கம் வந்தாள். ஆராயி அதே கம்பெனியில் இன்னும் சுடாத பச்சை இன்சுலேட்டர்களைச் சூளைக்குப் போகும் முன் ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குகிறவள், பூதாமூர்க்காரி, வெல்லத்தைத் தெரிந்தவள். சத்தத்தில் ஒன்றும் கேட்காததால் கையால் ஒரு தொங்கும் காதை வரைந்து காட்டி, வா என்று சைகை செய்தாள். அவர் மில்லைப் பக்கத்தில் இருந்தவரிடம் விட்டுவிட்டு ஓடினார்.

சூளைக்குப் பின்னால், சரக்குக் காயவைக்கிற பலகைகளுக்கு அடியில், வெதுவெதுப்பில் வெல்லம் சுருண்டு கிடந்தது. அவரைப் பார்த்ததும் இன்னும் உள்ளே நகர்ந்தது. ஆராயிதான் மண்டியிட்டு, தன் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு துண்டு இட்லியை நீட்டி நீட்டி வெளியே வரவழைத்தாள். காது வீங்கியிருக்குது, நாத்தம் அடிக்குது, மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க என்றாள். அவர் தன் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தார். வழியெல்லாம் நாயின் உடம்பு அவர் மடியில் நடுங்கிக்கொண்டே வந்தது.

கால்நடை ஆஸ்பத்திரியில் வாசுகி என்ற டாக்டரம்மா இருந்தாள். வெல்லத்தின் வாயை ஒரு நாடாவால் கட்டச் சொல்லிவிட்டு, விளக்கு வைத்த கருவியால் காதுக்குள் வெகுநேரம் பார்த்தாள். ஜவ்வு கிழியவில்லை, நல்லகாலம் என்றாள். பிறகு ஒரு தாளில் அந்தக் காதின் உள்பாதையை வரைந்து காட்டினாள். மனுசக் காது மாதிரி நேராகப் போகாது, முதலில் கீழே இறங்கி அப்புறம் மூலை திரும்பி உள்ளே போகும். பட்ஸை விட்டால் மேலே இருக்கிற கொஞ்சம் அழுக்கு வெளியே வரும், மிச்சமெல்லாம் அந்த மூலைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஏற்கனவே ஈரத்தில் புண்ணான இடத்தில்தான் அவர் குடைந்திருக்கிறார்.

கழுவுவதற்கு ஒரு லோஷன், அதற்குப் பிறகு விடுவதற்கு ஒரு சொட்டு மருந்து கொடுத்தாள். எப்படிச் செய்வது என்று அங்கேயே செய்து காட்டினாள். மடலைத் தூக்கி, லோஷனைத் தாராளமாக உள்ளே விட்டு, காதுக்கு அடியில் கெட்டியாகத் தட்டுப்படுகிற குழாயை விரலால் மெதுவாக நீவினாள். உள்ளே சளசளவென்று சத்தம் கேட்டது. கையை எடுத்ததும் வெல்லம் தலையை உதறியது. அழுக்கு டாக்டர் சேலையிலும் தெறித்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. பஞ்சை விரலில் சுற்றிக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தை மட்டும் துடைத்தாள். விரல் போகிற வரைக்கும்தான் நம்ம வேலை, அதுக்கு மேல மருந்து பார்த்துக்கும் என்றாள். சொட்டு மருந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் விட வேண்டும். எண்ணெய் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டாம். ஆறிய பிறகு வாரம் ஒரு தடவை துடைத்தால் போதும், சும்மா சும்மா கழுவினாலும் புண்ணாகும். குளிப்பாட்டும்போது காதில் பஞ்சை வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் துவட்டுங்கள். வலி, வீக்கம், நாற்றம் எது வந்தாலும் வீட்டில் கை வைக்காமல் நேரே இங்கே தூக்கிக்கொண்டு வாருங்கள்.

இதற்கு முன்னால் யார் காதைப் பார்த்துக்கொண்டது என்று கேட்டாள். வூட்டுல பார்த்துக்குவாங்க, இப்ப வேலையா வெளியூருல இருக்காங்க என்றார்.

"அவங்கள கேட்டுக்கங்க. நாயி எப்படி உட்காந்து பழகினதோ அப்படி உட்கார வச்சாத்தான் காட்டும். ஒங்களப் பார்த்து இப்ப பயந்து கெடக்குது."

அன்று சாயங்காலம் போன் வந்ததும், பானுமதி எதையும் கேட்பதற்குள் அவரே சொன்னார். குளிப்பாட்டியது, எண்ணெய், பட்ஸ், ஓடிப்போனது, நேற்று சொன்னது பொய் என்பது, ஆராயி, டாக்டர். கல்யாணமான இத்தனை வருடத்தில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதே இல்லை. பேசி முடித்தபோது அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தார்.

"பஸ் ஸ்டாண்டுல சொன்னேனேங்க" என்றாள் அவள். "தண்ணி ஊத்துறப்ப காதுல பஞ்சு வைங்கன்னு."

"கேக்கல."

"ம்."

அப்புறம் அவர் கேட்டார். "நீ எப்படித்தான் அத உட்கார வைப்ப?"

அவள் சொன்னாள். எடுத்ததும் காதைத் தொடக் கூடாது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட வேண்டும், நின்றுகொண்டு குனிந்தால் பயப்படும். அதுவாக வந்து தொடையில் சாயும். நெஞ்சுக்கு நடுவே சொறிந்துகொடுக்க வேண்டும். மருந்துப் பாட்டிலைக் கையில் பொத்தி வைத்துக்கொண்டால் சில்லிப்பு போய்விடும். சும்மா இருக்காமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் எழுந்துவிடும்.

"என்னா பேசறது?"

"எதையாவது. அந்த வாரத்துல நடந்தது எல்லாம் சொல்லுவேன். யாரு வந்தாங்க, யாரு என்னா சொன்னாங்க, மனசுக்கு என்னா கஷ்டமா இருந்தது. ஒங்க கிட்ட சொல்லாதது எல்லாம் அதுக்குத்தான் சொல்லியிருக்கேன்." அவள் குரலில் கோபம் இல்லை. "நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பீங்க."

காற்று பலமாக அடித்தது. இருட்டுது, இறங்கணும், யானை வரும்னு சொல்றாங்க என்று வைத்துவிட்டாள். மலையில் யானை வரும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும்.

மறுநாளிலிருந்து அவர் கொல்லையில் உட்கார்ந்தார். மருந்து விட்டாக வேண்டும், தள்ளிப்போட முடியாது. முதல் பத்து நாள் ஆராயி வேலை முடிந்து வந்து வெல்லத்தைப் பிடித்துக்கொண்டாள். வெல்லம் அவளுடைய கைக்குள் தலையை ஒளித்துக்கொண்டு அவர் விரல் படும்போதெல்லாம் உடம்பைச் சுருக்கியது. சொட்டு மருந்து முடிந்து வலியும் குறைந்ததும், இனி கழுவுறதுதான, நான் இல்லாம நீங்களே பாருங்க என்று ஆராயி நின்றுவிட்டாள்.

தனியாக உட்கார்ந்தால் நாய் வரவில்லை. துளசி மாடத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும் என்று வாயைத் திறந்தார், ஒரு வார்த்தையும் வரவில்லை. ஒரு நாயிடம் பேசக்கூடத் தன்னிடம் ஒன்றும் இல்லையா என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. கடைசியில், "இன்னைக்கு பெல்ட்டு அறுந்து போச்சு" என்றார். தன் குரல் கொல்லையில் பெரிதாகக் கேட்டது. வெல்லம் காதைக் கொஞ்சம் தூக்கியது. பெல்ட் எப்படி அறுந்தது, புது பெல்ட் வரும் வரை மில் நின்றது, மில் நின்றதும் ஷெட்டுக்கு மேலே உட்கார்ந்திருந்த புறாக்களின் சத்தம் கேட்டது எல்லாவற்றையும் சொன்னார். பிஸ்கட்டை அது கையிலிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. கீழே வைத்த பிறகு எடுத்துக்கொண்டது.

வேலை நேரத்தில் சாயங்காலத்துக்கான பேச்சை அவர் சேர்த்து வைக்க ஆரம்பித்தார். கேன்டீன் சாம்பாரில் இன்றைக்கு முள்ளங்கி. மேனேஜர் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார். சேத்தியாத்தோப்பிலிருந்து வருகிற லாரி டிரைவருக்குப் பெண் பிறந்திருக்கிறது. அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் வெல்லம் வந்து அவர் தொடை மேல் தன் பாரத்தைச் சாய்த்தது. அவர் அசையவில்லை. நெஞ்சைச் சொறிந்துகொடுத்தார். அன்று மடலை மட்டும் தொட்டுவிட்டு விட்டார். அடுத்த நாள் மடலைத் தூக்கிவிட்டு விட்டார். அதற்கடுத்த நாள் லோஷன் விட்டு அடியில் நீவினார். உள்ளே சளசளத்தது. கையை எடுத்ததும் அது உதறியதில் அவர் முகமெல்லாம் ஈரம். பஞ்சில் வந்த அழுக்கு முன்னைவிடக் குறைந்திருந்தது. மார்கழிக் கடைசியில் பஞ்சு கிட்டத்தட்ட வெள்ளையாகவே வந்தது. டாக்டரிடம் காட்டியபோது ஆறிவிட்டது, இனி வாரத்துக்கு ஒருமுறை போதும் என்றாள்.

அரையாண்டு லீவுக்கு வருவதாக இருந்த பானுமதி, புது ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று வரவில்லை. பொங்கலுக்குத்தான் வந்தாள். கொஞ்சம் இளைத்து, நன்றாகக் கறுத்திருந்தாள். வெல்லம் அவள் மேல் பாய்ந்து, முகத்தை நக்கி, வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடியது. அவள் தரையிலேயே உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். கொளஞ்சிநாதன் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போலக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மாட்டுப் பொங்கல் சாயங்காலம் அவள் விஷயத்தைச் சொன்னாள். கூட வேலை பார்க்கிற அமிர்தம் டீச்சர் குடும்பத்தோடு ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்கு ஒரு வேண்டுதலுக்காகக் காரில் வந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது அவளை ஏற்றிக்கொள்வார்கள். நாயும் வரலாமா என்று அவர்களிடம் கேட்டுச் சம்மதமும் வாங்கி வைத்திருக்கிறாள்.

"நாலு மணிக்குப் புள்ளைங்க எல்லாம் போயிடுங்க. அமிர்தம் டீச்சரும் கீழ ஊருக்கு போயிடுவாங்க. அதுக்கப்புறம் ஒரு கொரல் கேக்காதுங்க. பூட்டிக்கிட்டு உள்ளயே கெடப்பேன். அது இருந்தா..." என்று நிறுத்தினாள்.

"ஒன் நாயிதான" என்றார் கொளஞ்சிநாதன். "கூட்டிக்கிட்டுப் போ."

அதைத் தவிர வேறு எதுவும் சொல்ல அவருக்கு நியாயம் இருப்பதாகத் தோன்றவில்லை. கரும்பைக் கடித்தார், இனிக்கவில்லை. அந்த இரண்டு நாளும் வெல்லம் போகிற இடமெல்லாம் அவர் கண் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லோஷன், பஞ்சு, துண்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பானுமதியைக் கொல்லைக்குக் கூப்பிட்டார். டாக்டர் சொன்ன முறையைக் காட்டிவிடுகிறேன், அங்கே போய் நீ செய்யணும் என்றார். அவளும் முன்பு துடைத்த பிறகு ஒரு சொட்டு எண்ணெய் விடுவாள். அது கூடாதாம் என்றார். அவள் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து பார்த்தாள். அவர் தரையில் உட்கார்ந்ததும் வெல்லம் தானாக வந்து அவர் தொடையில் சாய்ந்தது. பானுமதி ஒரு கணம் அவரையே பார்த்தாள்.

அவர் பாட்டிலைக் கையில் பொத்தினார். நெஞ்சைச் சொறிந்தார். ஆனால் அவள் பக்கத்தில் இருக்கும்போது பேச வரவில்லை. பேசாமலே மடலைத் தூக்கினார். வெல்லம் தலையை இழுத்துக்கொண்டது. மறுபடி தூக்கினார், மறுபடி இழுத்தது. எழுந்திருக்கப் பார்த்தது.

"பேசுங்க" என்றாள் பானுமதி.

அவர் நாயின் முதுகைப் பார்த்தபடி ஆரம்பித்தார். மில்லுக்கு இன்னிக்கும் லீவுதான் என்றார். ஆராயி வீட்டில் கன்னுக்குட்டிக்குப் பொட்டு வைத்தார்கள் என்றார். லோஷனை விட்டார். காதின் அடியை நீவிக்கொண்டே, குரல் கொஞ்சம் இறங்கி, "நீ இன்னிக்கு அம்மாகூட மலைக்கு போற. அங்க யானை வருமாம், கொலைக்காத, உள்ள இருந்துக்க" என்றார். "இங்க நான் வந்ததும் டிவிய போட்டுட்டுத்தான் லைட்ட போடறேன். அது ஒனக்குத் தெரியும். ஒரு தட்டு கழுவறேன், ஒரு டம்ளர் கழுவறேன். நீ இருந்தியா, ஒன்னையாவது திட்டினேன். இனிமே சாயங்காலத்துக்குன்னு எதையும் ஞாபகம் வச்சிக்க வேணாம்."

கையை எடுத்தார். வெல்லம் தலையை உதறியது. அவர் பஞ்சை விரலில் சுற்றி, தெரிகிற மடிப்பை மட்டும் சுற்றித் துடைத்து, அந்தப் பஞ்சை அவளிடம் காட்டினார். சுத்தமாக இருந்தது. பானுமதி பஞ்சைப் பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலையில் செய்த பொங்கல் பானையைக் கழுவப் போய்விட்டாள்.

மத்தியானம் கார் வந்தது. அமிர்தம் டீச்சர் இறங்கி வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள். கொளஞ்சிநாதன் வெல்லத்துக்குச் சங்கிலி மாட்டிக் கேட் அருகில் நின்றார். மருந்துப் பையையும் எடுத்து வைத்திருந்தார். பானுமதி தன் பெட்டியைக் காரில் வைத்தாள், திரும்பி வந்தாள், சங்கிலியை அவர் கையிலிருந்து வாங்கிக் கழற்றினாள்.

"இது இங்கயே இருக்கட்டுங்க. அங்க சாரலு ஜாஸ்தி. காதுக்கு ஆவாது."

தை மாசத்தில் என்ன சாரல் என்று அவர் நினைத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அதைக் கேட்கவில்லை. அந்த மலையில் நாலு மணிக்குப் பிறகு அவள் கதவைப் பூட்டிக்கொண்டு உட்காரப்போவது அவர் கண்ணில் தெரிந்தது. இதை ஏற்றுக்கொள்வது சரியில்லை என்று தோன்றியது. மறுக்கவும் மனம் வரவில்லை. அவள் காரில் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தும் முன் அவர் குனிந்து, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"மார்ச் மாசம் சூளை ரிப்பேருக்கு லீவு வுடுவாங்க. வந்தா தங்க எடம் இருக்குமா?"

"ஒரு ரூம்தாங்க" என்றாள் பானுமதி. கதவைச் சாத்திக்கொண்டே, "எடம் பத்தும்" என்றாள்.

கார் தெரு முனையில் திரும்பிவிட்டது. வெல்லம் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்துவிட்டு வந்தது. அன்று சாயங்காலம் அவர் சோறு பொங்கவில்லை. காலையில் மிஞ்சின பொங்கலை இரண்டு பேரும் தின்றார்கள்.

மறுநாள் கேன்டீனில் டீ குடிக்கும்போது, அம்மா கிளம்பிட்டாங்களா என்று ஆராயி கேட்டாள். கிளம்பிட்டாங்க என்றார். வழக்கமாக அதோடு டம்ளரை வைத்துவிட்டுப் போய்விடுவார். அன்று பெஞ்சில் அவள் எதிரே உட்கார்ந்தார். மார்ச் மாசம் நாலு நாள் வெல்லத்தை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

"வச்சிக்கலாம். காதையெல்லாம் நான் தொட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"நாலு நாளைக்கு ஒன்னும் ஆவாது" என்றார் கொளஞ்சிநாதன். "பக்கத்துல உட்காந்து ஏதாவது பேசிக்கிட்டு இரு, போதும்."